200 ரிங்கிட் சட்டம் 1 லட்சமான கதை: மக்கள் கோபம் விலங்குகளை எதுவரை காப்பாற்றும்?

மலேசியாவில் ஒரு பூனையைச் சித்திரவதை செய்தால் என்ன தண்டனை? 2013-க்கு முன்பு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அதிகபட்சம் 200 ரிங்கிட் அபராதம், அல்லது ஆறு மாதம் சிறை, அல்லது இரண்டும். இன்று அதே குற்றத்துக்கு அபராதம் விதிப்பதென்றால் 20,000 ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது. 1 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். அபராதம் இல்லாமலோ, அதோடு சேர்த்தோ மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

அறுபது ஆண்டுகள் அசையாமல் கிடந்த ஒரு சட்டம், நான்கே ஆண்டுகளில் இப்படித் தலைகீழாக மாறியது எப்படி? மேடையில் பேசிய பேச்சாலோ, பள்ளிக்கூடத்தில் நடத்திய பாடத்தாலோ மட்டும் அது நடக்கவில்லை. சில படங்களும், அவற்றைப் பார்த்த மக்களின் கோபமும் அதற்கு முக்கியக் காரணம். அந்தக் கோபம் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதை இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சட்டப் புத்தகத்தில் எண்கள் மாறிய பிறகும், விலங்குகளைப் பற்றிய செய்திகள் குறைந்தபாடில்லை.

தூங்கிய சட்டம்

1953-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் காலனி ஆட்சிக் காலத்தில் வந்தது. கால்நடைகளுக்கு நோய் பரவாமல் தடுப்பது, அவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவதையும் வெளியே அனுப்புவதையும் கட்டுப்படுத்துவது, அறுப்பதை ஒழுங்குபடுத்துவது ஆகியவைதான் அதன் பெரும்பகுதி. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கான தண்டனை அதன் 44-வது பிரிவில் இருந்தது.

200 என்ற அந்தத் தொகை முதலில் அற்பமான தொகை அல்ல. ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள் பால்மரம் வெட்டினால் சில வெள்ளிதான் கூலி என்று இருந்த காலம் அது. அன்றைய தொழிலாளிக்கு 200 வெள்ளி என்பது சில மாதச் சம்பளம். காசின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. சட்டத்தில் இருந்த எண் மட்டும் நகரவில்லை. கடைசியில், நகரத்தில் தவறான இடத்தில் காரை நிறுத்துவதற்கும் ஓர் உயிரை வதைப்பதற்கும் அபராதத்தில் பெரிய வித்தியாசமில்லை என்ற நிலை வந்தது.

சட்டம் பலவீனமாக இருப்பது கால்நடை சேவைத் துறைக்கும் தெரியும், விலங்குநல அமைப்புகளுக்கும் தெரியும். புதிய சட்டம் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாகவே இருந்தது. ஆனால் விலங்குகளுக்கு ஓட்டு இல்லை. எந்த அரசாங்கத்தின் அவசரப் பட்டியலிலும் அவை முதலிடத்துக்கு வருவதில்லை.

தீவில் விடப்பட்ட நாய்கள்

2009-இல் ஒரு செய்தி நாட்டை உலுக்கியது. கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் இருக்கும் பூலாவ் கெத்தாமில் தெருநாய்த் தொல்லை அதிகம் என்று கிராமத்தார் முடிவெடுத்து, 300-க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்தார்கள். அவற்றைப் படகில் ஏற்றி, ஆள் நடமாட்டமில்லாத சதுப்புநிலத் தீவுகளில் இறக்கிவிட்டார்கள். அங்கே குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, தின்ன உணவில்லை. பசி தாங்காமல் நாய்களே நாய்களைத் தின்ற படங்கள் வெளியாயின. தன்னார்வலர்கள் படகில் போய், உயிரோடு இருந்தவற்றில் சிலவற்றை மீட்டு வந்தார்கள்.

செய்தி வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது. ஆனால் யார்மீதாவது வழக்குத் தொடுப்பதென்றாலும், அதிகாரிகளின் கையில் இருந்தது அதே 200 ரிங்கிட் சட்டம்தான். கோபம் எழுந்தது, சட்டம் எழவில்லை.

2011: கோபம் திரண்ட ஆண்டு

இரண்டு ஆண்டுகள் கழித்து நிலைமை மாறியது. 2011-இல் செர்டாங்கில் ஓர் இளம்பெண் பூனைக்குட்டியை அடித்து, மிதித்துத் துன்புறுத்தும் காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி, சமூக வலைத்தளங்களில் பரவியது. வழக்கு நீதிமன்றம் போனது. சட்டம் அனுமதித்த அளவு அவ்வளவுதான் என்பதால், அபராதம் சில நூறு ரிங்கிட்டோடு முடிந்தது. காணொளியைப் பார்த்துக் கொதித்தவர்கள், தண்டனையைக் கேட்டு இன்னும் கொதித்தார்கள்.

அதே ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையில் அடுத்த அதிர்ச்சி வந்தது. பெருநாளுக்குச் சொந்த ஊர் சென்ற குடும்பங்கள், தங்கள் பூனைகளை டாமன்சாரா டாமாயில் இருந்த ஒரு செல்லப்பிராணி விடுதியில் பணம் கட்டி விட்டுச் சென்றிருந்தன. அங்கே சுமார் 300 பூனைகள் சோறு தண்ணீர் இல்லாமல், தங்கள் கழிவிலேயே அடைந்து கிடந்தது தெரியவந்தது. சில இறந்துபோயின. விடுதி நடத்தியவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டபோதும், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் உச்சவரம்பு 200 ரிங்கிட்தான்.

இதற்குப் பிறகுதான் சட்டம் நகரத் தொடங்கியது. 2013-இல் பழைய சட்டம் திருத்தப்பட்டு, அபராதம் 50,000 ரிங்கிட் வரையும் சிறை ஓராண்டு வரையும் உயர்ந்தது. 2015-இல் நாடாளுமன்றம் விலங்குநலச் சட்டம் 2015-ஐ நிறைவேற்றியது. 2017 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. விலங்குகளை வைத்துத் தொழில் செய்பவர்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்றும், விலங்குநல வாரியம் ஒன்று இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சபாவுக்கு 2015-இல் வந்த தனிச் சட்டமும், சரவாக்கிற்கு 1999-இல் வந்த தனிச் சட்டமும் உண்டு.

ஏன் பூனைக்கு நடந்தது, நாய்க்கு நடக்கவில்லை?

பூலாவ் கெத்தாமில் இறந்த நாய்கள் பட்ட வேதனை, டாமன்சாரா டாமாய் பூனைகள் பட்ட வேதனையைவிடக் குறைந்ததல்ல. ஆனால் இரண்டாவது சம்பவத்துக்குப் பிறகுதான் சட்டம் மாறியது. இதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஓர் அவலம் சட்டமாக மாற வேண்டுமென்றால் சில விஷயங்கள் ஒன்றுகூட வேண்டும். முதலாவது, கண்ணால் பார்க்கும் படம். இரண்டாவது, பாதிக்கப்பட்ட விலங்கு எல்லார் வீட்டிலும் இருக்கும் விலங்காக இருக்க வேண்டும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி இந்த நாட்டில் எல்லாரும் வளர்ப்பது பூனை. பணம் கட்டி ஏமாந்த உரிமையாளர்களும் இருந்தார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கெத்தாம் நாய்களுக்கு அப்படி உரிமை கொண்டாட ஆளில்லை. மூன்றாவது, வெட்கப்பட வைக்கும் ஓர் எண். 200 ரிங்கிட் என்று சொன்னாலே போதும், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நான்காவது, தயாராக இருந்தவர்கள். புதிய சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே யோசித்து வைத்திருந்த கால்நடை மருத்துவர்களும் அமைப்புகளும் இல்லையென்றால், அந்தக் கோபம் இன்னொரு வாரச் செய்தியாக அடங்கிப் போயிருக்கும்.

இது மலேசியாவில் மட்டும் நடந்த கதையல்ல. அமெரிக்காவில் 1965-இல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தின் பெப்பர் என்ற டால்மேஷன் நாய் காணாமல் போனது. கைமாறிக் கைமாறி நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்குப் போன அந்த நாய், ஆய்வுச் சோதனையில் இறந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லைஃப் இதழ், நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம்பிடித்து வெளியிட்டது. அதே 1966 ஆகஸ்ட்டில் ஆய்வகங்களில் பயன்படும் விலங்குகளுக்கான சட்டம் அங்கே கையெழுத்தானது. அங்கும் மக்களை அசைத்தது பிறர் வீட்டுச் செல்ல நாயின் கதைதான்; ஆய்வகங்களில் இருந்த எலிகளின் கதை அல்ல.

சிங்கப்பூர் சற்று வேறு வழியில் போனது. 2012-இல் சட்ட மறுஆய்வுக் குழு ஒன்று அமைந்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி, அரசாங்கம் கொண்டுவராமல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தாமே முன்வைத்த மசோதாவாக, 2014 நவம்பரில் திருத்தம் நிறைவேறியது. முதல் முறை கொடுமை செய்தவருக்கு 15,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை என்று ஆனது. குற்றவாளி சில காலத்துக்கு விலங்கு வளர்க்கக்கூடாது என்று தடை விதிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. அப்படியும், அடுத்த ஆண்டிலிருந்தே யீஷூன் வட்டாரத்தில் பூனைகள் அடுத்தடுத்து இறந்து கிடந்த செய்திகள் வந்தன. சட்டம் கடுமையானதும் கொடுமை தானாக நின்றுவிடுவதில்லை என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

சலவைக் கடை வழக்கு காட்டியது

மலேசியாவின் புதிய சட்டத்துக்கு முதல் பெரிய சோதனை 2018 செப்டம்பரில் வந்தது. கோம்பாக் வட்டாரத்தில் ஒரு சுயசேவை சலவைக் கடையில், கர்ப்பமாக இருந்த பூனையைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டு ஓடவிட்டார்கள். பூனை செத்துப்போனது. கடையின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது.

இந்த முறை அதிகாரிகளின் கையில் வேறு சட்டம் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களில் ஒருவருக்கு 2019 நவம்பரில் செலாயாங் செஷன்ஸ் நீதிமன்றம் 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே குற்றத்துக்கு 200 ரிங்கிட்தான் உச்சவரம்பு என்பதை நினைத்துப் பார்த்தால், மக்கள் கோபம் சாதித்தது எவ்வளவு என்பது புரியும்.

ஆனால் இந்த வழக்கை இன்னொரு கண்ணோடும் பார்க்க வேண்டும். சலவைக் கடையில் கேமரா இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலையில் ஒரு வாடிக்கையாளர் இயந்திரத்துக்குள் செத்த பூனையைப் பார்த்திருப்பார். யார் செய்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. சட்டம் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், சாட்சி இல்லாத இடத்தில் அதற்கு வாய் இல்லை.

கோபம் தவறும் இடங்கள்

மக்கள் கோபத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது ஆதாரம் வரும்வரை காத்திருப்பதில்லை. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில் பூனைகள் சிதைந்த நிலையில் இறந்து கிடந்தபோது, யாரோ ஒரு கொடூரன் வளாகத்துக்குள் திரிகிறான் என்றே பலர் முடிவுகட்டினார்கள். கால்நடை சேவைத் துறை நடத்திய சோதனைகளோ நாய்களின் தாக்குதலையே சுட்டின. இடையில் யாராவது ஒரு மாணவரின் பெயரும் படமும் பரவியிருந்தால், அவருடைய வாழ்க்கை என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு பலவீனம், குற்றம் செய்தது தனிமனிதன் என்றால் கோபத்துக்கு வழி தெரிகிறது. ஓர் அமைப்பு என்றால் திகைத்து நிற்கிறது. 2024 அக்டோபரில் திரெங்கானு, பெசுட்டில் கோப்பி என்று மக்கள் பெயர் வைத்து அன்பு காட்டிய ஒரு தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டது. தெருநாய் ஒழிப்பு நடவடிக்கையில் இது நடந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. விலங்குநல அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. தனிமனிதன் செய்தால் கொடுமை என்று சொல்லப்படுவது, ஊராட்சி மன்றம் செய்தால் கடமை ஆகிவிடுமா என்ற கேள்வி அப்போது பகிரங்கமாக எழுந்தது.

தெருநாய்ப் பிரச்சினையில் ஊராட்சி மன்றங்களின் பக்கமும் சொல்வதற்கு உண்டு. நாய்க்கடி புகார் வந்தால் அவை சும்மா இருக்க முடியாது. வெறிநாய்க்கடி நோய் சரவாக்கில் 2017 முதல் உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. ஆனால் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு விடுவதற்குப் பணமும் ஆளும் ஆண்டுக்கணக்கில் வேண்டும். அதைப் படம்பிடித்துப் பகிர யாரும் வருவதில்லை. துப்பாக்கிச் சூடு செய்தியாகிறது; கருத்தடைக்கு ஒதுக்கப்படாத பணம் செய்தியாவதில்லை.

தோட்டத்து மாடும் சங்கிலி நாயும்

சட்டம் என்றால் கொடூரமாகக் கொல்பவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. 2015 சட்டத்தின் இன்னொரு முக்கியப் பகுதி, விலங்கை வைத்திருப்பவரின் கடமை. தகுந்த உணவு, தகுந்த இடம், இயல்பாக நடமாட வாய்ப்பு, வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைத் தருவது உரிமையாளரின் பொறுப்பு என்று அது சொல்கிறது.

இந்தக் கருத்துக்கும் ஒரு பழைய அதிர்ச்சிதான் மூலம். 1964-இல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, பிரிட்டனின் பண்ணைகளில் கோழிகளும் கன்றுகளும் எப்படி அடைத்து வளர்க்கப்படுகின்றன என்று எழுதிய நூல் அங்கே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அரசாங்கம் குழு அமைத்தது. 1965-இல் அறிக்கை வந்தது. விலங்குகளின் ஐந்து சுதந்திரங்கள் என்று இன்று உலகம் முழுவதும் பேசப்படும் கொள்கை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

தோட்டத்திலும் கம்போங்கிலும் பட்டணத்து ஓரங்களிலும் வாழும் தமிழர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். தோட்டக் கூலியோடு பக்க வருமானமாக மாடு வளர்த்த குடும்பங்கள் ஏராளம். மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க, மாடுகள் சாலைக்கு வருகின்றன. லாரியில் அடிபட்டு, கால் உடைந்து, மருத்துவம் இல்லாமல் கிடக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் லயங்களிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கு மாறியபோது, நாய்கள் பழைய இடத்திலேயே பின்தங்கின. திருடனுக்குக் காவலாக மூன்றடிச் சங்கிலியில் கட்டிய நாய், வெயிலிலும் மழையிலும் அங்கேயே நிற்கிறது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்து மாலை போடும் சமூகத்துக்கு, மற்ற 364 நாளும் அதே மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமல்ல.

இவற்றில் பெரும்பாலானவை கொடுமை செய்யும் எண்ணத்தில் நடப்பவை அல்ல. வறுமையாலும் வசதியின்மையாலும் நடப்பவை. அதனால்தான் 20,000 ரிங்கிட் என்ற குறைந்தபட்ச அபராதம் சிந்திக்க வைக்கிறது. சலவைக் கடையில் நடந்ததைப் போன்ற கொடூரத்தை மனத்தில் வைத்துக் கேட்கப்பட்ட தண்டனை அது. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது கிட்டத்தட்ட ஓராண்டு வருமானம். தண்டனை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, அக்கம்பக்கத்தார் புகார் செய்யத் தயங்குவார்கள். அண்டை வீட்டுக்காரரின் குடும்பத்தைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்? பெரிய தண்டனைக்கு முன்னால் எச்சரிக்கையும் ஆலோசனையும் உதவியும் இருந்தால்தான் சிறிய தவறுகள் சிறியதாக இருக்கும்போதே வெளியே வரும்.

புகார் எங்கே, எப்படி?

கண்ணெதிரே விலங்கு துன்புறுவதைப் பார்ப்பவர்களில் பலர் முதலில் செய்வது, படம் எடுத்து வாட்சாப் குழுவில் போடுவது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பகிரப்பட்ட காணொளி செய்தியாகலாம். புகார் இல்லாமல் அது வழக்காவது கடினம்.

விலங்குநலச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கால்நடை சேவைத் துறை. மாநில, மாவட்ட அலுவலகங்களில் புகார் கொடுக்கலாம். போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். சம்பவம் நடந்த இடம், தேதி, நேரம், வாகனம் இருந்தால் அதன் எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்வது அவசியம். கைப்பேசியில் எடுத்த மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். முக்கியமாக, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் துணிவு வேண்டும். சாட்சி வராமல் எந்த வழக்கும் நிற்காது.

2011-இன் கோபம் இந்த நாட்டுக்கு ஒரு நல்ல சட்டத்தை வாங்கிக் கொடுத்தது. அது சிறிய காரியமல்ல. ஆனால் கோபத்துக்கு வேண்டியது ஒரு காணொளியும் ஒரு வாரமும். சட்டத்துக்கு வேண்டியது சம்பளம் வாங்கும் அதிகாரிகள், கருத்தடைக்கு ஒதுக்கிய பணம், பயமில்லாமல் பேசும் அக்கம்பக்கம். அடுத்த அவலம் கேமராவில் சிக்கும்வரை காத்திருந்தால், சிக்காத எத்தனையோ உயிர்கள் அதற்குள் போய்விடும். கால் உடைந்து சாலையோரம் கிடக்கும் மாட்டைக் காணொளி எடுத்த பிறகு, அதே கைப்பேசியில் கால்நடை அலுவலகத்துக்கும் ஓர் அழைப்பு போட்டால் போதும். சட்டம் தன் வேலையைத் தொடங்க அதுதான் வழி.